பொதிகை மலையின் செருப்புப் பூ



உல்லாஸ்நகருக்குக் கிழக்கே சகியாத்திரி மலை இருக்கிறது. உல்லாஸ் ஆறு அங்கேதான் பிறக்கிறது. இதே மலைதான் தெற்கே நீண்டு குமரி மாவட்டம் வரை போகிறது. தமிழில் இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்று பெயர்.

அதன் தென்கோடியில் நிற்பது பொதிகை மலை. அகத்தியமலை என்றும் சொல்வார்கள். உயரம் 1868 மீட்டர். தாமிரபரணி பிறப்பது அங்கேதான். தாராவியிலும் உல்லாஸ்நகரிலும் வாழும் திருநெல்வேலிக்காரர்களுக்கு அது சொந்த ஊர் மலை. அந்த மலையில் ஓர் அபூர்வமான பூ இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அந்தப் பூ ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. அதன் ஓர் இதழ் பை போலக் குழிந்திருக்கும். பார்த்தால் முன்பக்கம் மூடிய செருப்பு மாதிரி இருக்கும். அதனால் ஆங்கிலத்தில் 'லேடீஸ் ஸ்லிப்பர்' என்கிறார்கள். பெண்கள் செருப்பு என்று பொருள். இந்த இனத்தில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் மற்ற வகைகள் இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் வளர்கின்றன. தென்னிந்தியாவில் இருப்பது ஒரே ஒரு வகைதான். அதுவும் பொதிகைப் பகுதியில் மட்டும்தான்.

அதை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

முதலில் இடத்தைப் பாருங்கள். இது மரத்தில் தொற்றி வளர்வதில்லை. மலை உச்சிக்குக் கீழே, பாறையும் புல்லும் உள்ள சரிவில், தரையில் வளரும்.

அடுத்து இலையைப் பாருங்கள். வார் போல நீளமாக, தடிப்பாக இருக்கும். முழுப் பச்சை. புள்ளியோ திட்டோ இருக்காது.

பிறகு பூவைப் பாருங்கள். ஒரு காம்பில் ஒரே பூதான். நிறம் மஞ்சள். மேல் இதழின் நடுவிலும், இரண்டு பக்க இதழ்களின் நடுவிலும் கரும்பழுப்புக் கோடு ஓடும்.

காசித்தும்பைப் பூவிலும் சிறு பை உண்டு. மராத்தியில் தேரடா என்பார்கள். ஆனால் அதன் பின்பக்கம் வால் போல ஒன்று நீண்டிருக்கும். செருப்புப் பூவுக்கு வால் கிடையாது.

அந்தப் பை எதற்கு? பூச்சி அதற்குள் விழுகிறது. உள்பக்கம் வழுக்கும். வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் ஒரு சின்ன வழி இருக்கிறது. அதில் நுழைந்து வெளியேறும்போது மகரந்தம் பூச்சியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் விழும்போது அங்கே சேர்ந்துவிடும். விதை அப்படித்தான் உண்டாகிறது.

இனி இந்தப் பூவின் கதையைக் கேளுங்கள். 1865-இல் ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரி இதைக் கண்டார். அவர் பெயரையே பூவுக்கு வைத்தார்கள். பிறகு வெகுகாலம் இது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1972-இல் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். அதுவே வினையாகப் போயிற்று. அழகுச் செடி வளர்ப்பவர்கள் நல்ல விலை கொடுத்தார்கள். விற்பதற்காகச் செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். அழிவின் விளிம்புக்கே செடி வந்துவிட்டது.

போனது எளிதில் திரும்பாது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லுக்குள் அரிசி இருப்பது போல அதற்குள் உணவு இல்லை. மண்ணில் உள்ள ஒரு வகைப் பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

திருவனந்தபுரம் அருகே பாலோடு என்ற ஊரில் ஒரு தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குள்ளவர்கள் இதன் விதையைக் கண்ணாடிக் குடுவையில் முளைக்க வைத்தார்கள். கன்றுகளை வளர்த்து, மலைக்கே கொண்டுபோய் நட்டார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குக்கு மட்டும் அல்ல. இந்தச் செடிக்கும் அதில் இடம் உண்டு. அனுமதி இல்லாமல் காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம், விற்பதும் குற்றம்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு செருப்புப் பூ உண்டு. அங்கும் பறித்துப் பறித்தே அழித்தார்கள். 1930-இல் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. கண்டவர்கள் இடத்தை வெளியே சொல்லவில்லை. காவல் இருந்தார்கள். செடி பிழைத்தது.

ஆகவே நண்பர்களே, ஊருக்குப் போகும்போது மலை ஏற அனுமதி கிடைத்தால் போங்கள். பூவைக் கண்டால் கண் குளிரப் பாருங்கள். படம் எடுங்கள். வனத்துறையினரிடம் மட்டும் இடத்தைச் சொல்லுங்கள். கையை மட்டும் நீட்டாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் அந்த மலைக்குப் போவார்கள்.