கக்கூஸ் கட்டுவது யாருக்காக?

(நகரப் பூங்கா வாயிலில் துப்புரவுத் தொழிலாளர்களும் தெருவோர வியாபாரிகளும் கூட்டிய பொதுக்கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். இதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா என்று கேட்கலாம். கூலியைப் பற்றிப் பேசுகிறோம். அரிசி விலையைப் பற்றிப் பேசுகிறோம். உண்ட மனிதனுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று பேசுவதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் இடம் கேட்கிறவர்கள் அல்ல, இடம் கொடுக்காதவர்களே!

இந்தப் பூங்காவுக்கும் அடுத்துள்ள சந்தைக்கும் சேர்த்து ஒரு பொதுக் கழிப்பிடம் கட்டுவதென்று நமது நகரசபை தீர்மானம் செய்திருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதற்கான வரைபடத்தை நமது தோழர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பூங்காவின் பின்கோடியில், மதிலோரத்தில் கட்டிடம். ஆண்கள் பக்கம், நின்று சிறுநீர் கழிக்கும் இடங்களையும் சேர்த்து எட்டு. பெண்கள் பக்கம் மூன்று. சுவரெல்லாம் பளபளக்கும் டைல். முகப்பில் பெரிய பெயர்ப் பலகை. காசு வசூலிக்க மேஜை போட இடம் இருக்கிறது. கழுவுகிற தொழிலாளி துடைப்பத்தை வைக்கவும், கை கால் கழுவவும் இடம் இல்லை. தோழர்களே, இந்தக் கட்டிடம் யாருக்காக? இதுதான் இன்றைய கேள்வி.

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு ஊர்வலத்துக்கு நிறையப் பெண்கள் வந்தார்கள். ஆனால் பொதுக்கூட்டம் பாதி நடக்கும்போதே எழுந்து போய்விட்டார்கள். "பெண்களிடம் அரசியல் உணர்வு போதவில்லை" என்று கமிட்டியில் நான் ரிப்போர்ட் கொடுத்தேன். மறுநாள் சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, காலையிலே கிளம்பினதிலேருந்து பொட்டுத் தண்ணி குடிக்கலே. உணர்வெல்லாம் இருக்குது தம்பி, ஒதுங்கத்தான் இடம் இல்லே" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஆயிரம் பேருக்குக் கொடி தைத்தோம். ஒருவருக்காவது கழிப்பிடம் எங்கே என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த அம்மாவைப் போல எத்தனை பேர்! பூக்கட்டுகிறவர்கள், சித்தாள் வேலை செய்கிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். ஆகவே குடிப்பதே இல்லை. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும், சிறுநீர்த் தொற்றும், கல்லும் வருகின்றன. கழிப்பிடத்துக்குச் செலவு செய்யாத பணத்தை ஜனங்கள் ஆஸ்பத்திரியில் செலவு செய்கிறார்கள்.

இது இன்று முளைத்த பிரச்னை அல்ல. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய் வேலை நிபுணர் அங்கே தண்ணீர் பாய்ந்து கழுவும் கழிப்பறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. 8,27,000-க்கு மேற்பட்டோர் காசு கொடுத்துப் போனார்கள். ஜனங்களின் தேவை எவ்வளவு என்பதை உலகம் அன்றே கண்டுகொண்டது. அதிலே காசு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கண்டுகொண்டது!

அதே லண்டனில், 1900-ம் ஆண்டு வாக்கில், காம்டன் பகுதியில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் கட்டும் யோசனை வந்தது. சோஷலிஸ்டும் நாடகாசிரியருமான பெர்னார்ட் ஷா அப்பகுதியின் நிர்வாக சபையில் இருந்து அதற்காக வாதாடினார். இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதற்காகத் தெருவில் மரத்தால் ஒரு மாதிரி வைத்தார்கள். என்ன நடந்தது? வண்டிகள் வந்து வந்து அதில் மோதின. போக்குவரத்துக்கு இது இடைஞ்சல் என்று நிரூபிப்பதற்காக! ஏழைப் பெண்ணுக்கு ஒரு பென்னி என்பது எட்டாத கட்டணம் என்பதையும் ஷா எடுத்துக் காட்டினார்.

நமது பக்கத்துக் கேரளத்துக்கு வாருங்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில், கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. கேட்டபோது, தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும்படி புத்தி சொன்னார்கள். விஜி முதலிய பெண்கள் "பெண்கூட்டு" என்ற அமைப்பாகத் திரண்டார்கள். கழிப்பிடத்தில் தொடங்கிய போராட்டம், வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது நமது வரைபடத்துக்கு வருவோம். "இரு பக்கமும் சமமான பரப்பளவுதானே கொடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். பரப்பளவு சமம்தான். ஆனால் நின்று சிறுநீர் கழிக்கும் இடம் சிறியது; ஆகவே ஆண்கள் பக்கம் எட்டுப் பேருக்கு வசதி, பெண்கள் பக்கம் மூன்று பேருக்கு. பெண்ணுக்கோ நேரம் அதிகம் பிடிக்கும். சேலை இருக்கிறது, கையில் குழந்தை இருக்கிறது, மாதவிடாய் இருக்கிறது. அளவு நாடாவில் சமம் இருந்தால் போதாது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் சமம் இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2005-ல், புதிய பொது மண்டபங்களில் ஆண்களைப் போல் இரு மடங்கு இடம் பெண்களுக்கு வேண்டுமென்று சட்டமே செய்தது.

ஜப்பானையும் பாருங்கள். டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் 2020 முதல் 2023 வரை 17 பொதுக் கழிப்பிடங்களைப் புதிதாகக் கட்டினார்கள். ஷிகெரு பான் என்ற கட்டிடக் கலைஞர் பூங்காக்களில் கண்ணாடிச் சுவரால் கட்டினார். ஆள் இல்லாதபோது உள்ளே தெளிவாகத் தெரியும். போய்த் தாழிட்டால் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். நமக்குக் கண்ணாடி வேண்டாம். அதிலுள்ள பாடம் போதும். உள்ளே சுத்தமா, யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்ற பயம் நுழையுமுன்பே தீர வேண்டும். இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கழிப்பிடங்களைக் கழுவும் தொழிலாளியைக் கதாநாயகனாக வைத்து 2023-ல் "பெர்ஃபெக்ட் டேஸ்" என்ற திரைப்படம் வந்தது. அங்கே கட்டும்போதே கழுவுவதற்கும் திட்டம் போட்டார்கள். இங்கே திறப்பு விழாவோடு திட்டம் முடிந்துவிடுகிறது. சில மாதத்தில் கதவுக்குப் பூட்டு!

கழுவுகிறவரைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் சொல்ல வேண்டும். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை 1993-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால், தோழர்களே, நஷ்ட ஈடு உயர்வது நமது லட்சியம் அல்ல. ஆள் சாகாமல் இருப்பதுதான் லட்சியம். லாரி போக முடியாத பின்கோடியில் தொட்டியைக் கட்டினால் உறிஞ்சும் குழாய் எட்டாது. எட்டாத இடத்தில் யாரை இறக்குவார்கள்? எந்தத் தெருப் பிள்ளையை இறக்குவார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியும். அந்தச் சாவு, வரைபடம் போடும்போதே எழுதப்பட்டுவிடுகிறது!

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

முதலாவது, கழிப்பிடம் பூங்கா வாயில் பக்கம் இருக்க வேண்டும். டீக்கடையிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் அதன் வாசல் தெரிய வேண்டும். இரவெல்லாம் விளக்கு எரிய வேண்டும்.

இரண்டாவது, பெண்களுக்கு இரு மடங்கு இடம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒரு பெரிய அறை; 12 அடிக்கு ஓரடி மட்டுமே ஏறும் சாய்தளம், 3 அடி அகலக் கதவு, பிடித்து எழக் கம்பி. நேரே வெளியில் திறக்கும் தனி அறைகள் சில இருந்தால் திருநங்கையரும், வயோதிகத் தாயை அழைத்துவரும் மகனும் தயங்காமல் போகலாம்.

மூன்றாவது, கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அப்போதுதான் தூக்க முடியும். உறுதியான தாழ்ப்பாள், பை மாட்ட ஒரு கொக்கி, பெண்கள் பக்கம் மூடியுள்ள குப்பைக்கூடை.

நான்காவது, தண்ணீர். நாளொன்றுக்கு 500 பேர் வந்து, ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 2,500 லிட்டர். மோட்டார் ஒரு நாள் ரிப்பேரானாலும் சமாளிக்க 5,000 லிட்டர் தொட்டி வேண்டும். தண்ணீர் இல்லாத கக்கூஸ், கக்கூஸ் இல்லாததைவிட மோசம்.

ஐந்தாவது, தரையில் வழுக்கும் டைல் கூடாது. சொரசொரப்பான தரை, வடிகாலை நோக்கிச் சாய்வு, அழுக்கு தங்காதபடி வளைத்துப் பூசிய மூலைகள், சுவரின் உச்சியில் காற்றோட்டத்துக்கு ஜாலி.

ஆறாவது, தொழிலாளிக்கு ஓர் அறை, தனிக் குழாய், சோப்பு, கையுறை, பூட்ஸ். கான்ட்ராக்ட் கூலி அல்ல. நகரசபையின் நிரந்தர வேலை. செப்டிக் டேங்க், லாரி நிற்கும் சாலையோரத்தில்.

ஏழாவது, கட்டணம் கூடாது. ஒரு தடவைக்கு 5 ரூபாய், நாளைக்கு நாலு தடவை என்றால் மாதம் 600 ரூபாய். கீரைக்கட்டு விற்கிறவர் எங்கே போவார்? ஆணுக்குச் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்ணுக்கு மட்டும் ஏன் காசு என்று 2011-ல் மும்பைப் பெண்கள் இயக்கம் நடத்தினார்கள். நாமும் கேட்கிறோம். ஜனங்களின் வரிப் பணத்தில் கட்டும் இடத்துக்கு ஜனங்கள் இன்னொரு தரம் ஏன் காசு தர வேண்டும்?

இவற்றைச் சொன்னவர்கள் இன்ஜினியர்கள் அல்ல. பத்து நாளாக நாங்கள் சந்தித்த கீரைக்காரர்களும், துப்புரவுத் தொழிலாளர்களும், இங்கே காற்று வாங்க வரும் பெரியவர்களும்தான். செங்கல் வைத்துவிட்டால் சுவரை நகர்த்த முடியாது. இன்று அது வெறும் பென்சில் கோடு, நகர்த்தலாம்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையெழுத்து மனுவோடு நகரசபை அலுவலகத்துக்குப் போகிறோம். தாய்மார்களே, கூட்டம் நடக்கும் இடத்துக்கு எதிரிலேயே உங்களுக்குக் கழிப்பிட வசதிக்கு இந்தத் தடவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டோம். தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கடைசிவரை இருங்கள், வென்று திரும்புவோம்!