வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் இதற்கு முன் நான் ஏறியது ஒரே ஒரு தடவைதான். 2009-ல், இறுதியாண்டு படிக்கும்போது, கல்லூரி விழாவில் மைக் ஒயர் அறுந்துபோய், அதை ஒட்டப் போட ஏறினேன். பேசுவதற்கு ஏறுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், அடுத்த வருடம் சங்கத்தின் சார்பில் குடும்பச் சுற்றுலாவாக மாமல்லபுரம் போவது என்று செயற்குழுவில் முடிவானது. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. ஒரு கட்சி, "ஒரு பஸ்ஸைப் பிடிப்போம், புளியோதரை கட்டிக்கிட்டுப் போவோம், பார்த்துட்டு வருவோம், எதுக்கு வீண் செலவு?" என்றது. இன்னொரு கட்சி, ஒரு ஏஜென்ட் கொடுத்த விலைப்பட்டியலைக் காட்டியது. தனித்தனிக் கார், வழிகாட்டி, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,800 ரூபாய். ஐம்பது பேருக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. செயலாளர் என்னைப் பார்த்து, "நீதான்யா ரெண்டு தடவை போயிட்டு வந்தவன், கூடுகையில நீயே பேசு" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு தடவை போனது உண்மை. முதல் தடவை 2022-ல். சிங்கப்பூரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டும் ஒரே நாளில், கார், வழிகாட்டியோடு, ஆறு பேருக்கு 14,000 ரூபாய் என்று ஒரு நிறுவனத்தில் பதிவு செய்தோம். பெயர் வேண்டாம். காலை ஆறரைக்குப் பூந்தமல்லியில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. வண்டி வந்தது எட்டரைக்கு. கைலாசநாதர் கோயிலில் இருபது நிமிடம். பட்டுப்புடவைக் கடையில் ஒன்றேகால் மணி நேரம். அக்கா ஒன்றும் வாங்கவில்லை என்றதும் வழிகாட்டியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! வெளியே வந்து ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனால் நடை சாத்திவிட்டார்கள். மதியம் சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? பிறகு 65 கிலோமீட்டர் ஓடி, மாமல்லபுரத்தில் வெயில் தாங்காமல் ஒரு சுற்று, அங்கேயும் ஒரு சிலைக்கடை.

இதில் எனக்கு உறைத்தது காசு இல்லை. வழிகாட்டி முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் பேசினார். சிங்கப்பூர் கோஷ்டி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவர். நாள் பூரா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி அம்பத்தூர் வந்து இறங்கியதும் என்னிடம் மெதுவாக, "அந்தத் தம்பி என்னடா சொல்லிச்சு?" என்று கேட்டார். தமிழில் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாள் முழுக்கத் தோன்றவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

இன்ஜினீயர் புத்தி சும்மா இருக்குமா? அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். அந்த 14,000-ல் காருக்கு 5,500, வழிகாட்டியின் நாள் சம்பளம் 2,500. மீதி 6,000 இடையில் நின்றுவிட்டது. ஏஜென்டுக்கும் பிழைப்பு வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் 'வழிகாட்டிக்குக் கொடுக்கிறோம்' என்று நினைத்த காசில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வழிகாட்டியிடம் போனது. குறைந்ததை அவர் கடைக் கமிஷனில் தேடினார். அப்படியானால் அவருக்கு எஜமான் நாமா, கடைக்காரரா?

இனிமேல் ஜென்மத்துக்கும் வழிகாட்டி வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2024 ஜனவரி கடைசியில் அப்பா, "மகாபலிபுரம் பார்த்ததே இல்லைடா" என்றார். முதல் தடவை அவர் வரவில்லை, முழங்கால் வலி. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்து மூன்று வருஷம் டூல் ரூமில் டூல் கிரைண்டிங் பார்த்தவர். வீட்டிலிருந்து 70 கிலோமீட்டர் கூட முழுசாக இல்லாத ஊர், அறுபத்தெட்டு வயது வரை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தவர்களுக்கு அப்படித்தான். அந்த ஓவர்டைமில்தான் நான் இந்தக் கல்லூரியில் ஃபீஸ் கட்டினேன்.

இந்தத் தடவை ஏஜென்ட் இல்லை. தெரிந்த டிரைவரின் காரை 4,800-க்குப் பேசினேன். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம் ரோடு. காலை எட்டு மணிக்கெல்லாம் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறைக்கு எதிரே நின்றிருந்த வழிகாட்டிகளில் ஒருவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரம், முழுக்கத் தமிழ், கடை கிடையாது, 1,800 ரூபாய் என்று பேசி முடித்தோம். அப்பா என் காதருகே வந்து, "கல்லைப் பாக்குறதுக்கு ஆயிரத்து எண்ணூறா? கண்ணு இல்லையா நமக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. கண் இருக்கிறது. அதே பாறையை 2022-ல் நானும் அதே கண்ணால்தான் பார்த்தேன். நிறைய உருவம் இருக்கிறது, யானை இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. இந்தப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் சொல்லாமல் என் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, இதுல ஒரு கள்ளச் சாமியார் இருக்காரு, கண்டுபிடி பாக்கலாம்" என்றார். எட்டு வயசுப் பெண். ஐந்து நிமிடம் தேடி, யானையின் காலடிப் பக்கம், முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் பண்ணுகிற பூனையைக் கண்டுபிடித்துவிட்டாள். சுற்றிலும் எலிகள். அதற்குள் நாங்கள் எல்லோரும் அந்தப் பாறையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டோம். நடுவில் இருக்கும் பிளவுதான் ஆறு, அதில் நாகர்கள் நீந்துகிறார்கள், மேலே தொட்டி மாதிரி இருந்த இடத்திலிருந்து தண்ணீர் விட்டிருப்பார்கள் என்றார். ஒற்றைக்காலில் நிற்பது அர்ச்சுனன் என்று ஒரு கட்சி, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று ஒரு கட்சி. இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட்டு, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். "ஆறு இருக்குதே, பகீரதன்தான்" என்றார் அம்மா. முதல் தடவை அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து ரதங்களுக்குக் காரில் போனோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அப்பாவின் காலுக்கு அது ஆகாது. அங்கேதான் அப்பா வாயைத் திறந்தார். ரதம் என்று சொன்னாலும் தேர் இல்லை, பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பிற்பாடு வந்த பெயர்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசன் என்ற நாலும் ஒரே நீளப் பாறையில் வரிசையாக வெட்டியவை. அப்பா தருமராச ரதத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தம்பி, மேல எல்லாம் ஃபினிஷ் ஆகி இருக்கு, கீழதான் முடிக்காம விட்டிருக்கான். அப்போ மேலேருந்து கீழ வெட்டிக்கிட்டு வந்திருக்கான், சரியா?" என்றார். "சரிங்க ஐயா, சாரம் கட்டவேண்டிய வேலையே இல்லை" என்றார் அவர். அப்பா என் பக்கம் திரும்பி, "ஒரு இடத்துல உளி தவறினா போச்சு. ஜாப் ரிஜெக்ட் ஆனா வேற பீஸ் எடுக்க முடியாதுடா இதுல" என்றார். மெட்டீரியல் ரிமூவல் பற்றி நான் இந்தக் கல்லூரியில் படித்த ஒரு செமஸ்டர் பாடம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

அதோடு நின்றாரா? பாறைகளில் வரிசையாகத் துளை போட்டிருப்பதைப் பார்த்து, அது என்ன என்றார். மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதிக் கல் பிளக்கும் என்று வழிகாட்டி சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. "கருங்கல்லு தம்பி இது." அந்தப் பிள்ளை சண்டைக்கு வரவில்லை. "எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க ஐயா. எல்லாத் துளையும் பல்லவர் காலத்துதுன்னு சொல்ல முடியாது. பிற்காலத்துல கல் உடைச்சவங்க போட்டதும் உண்டு" என்றார். தெரிந்ததைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இவ்வளவுதான் சொல்லமுடியும் என்று நிறுத்துகிறவர் அபூர்வம். அப்பாவுக்கு அந்த நிமிஷமே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்து அவர் கேட்டது அவருடைய தொழில் கேள்வி: "இந்தக் கல்லுல உளி ஒரு மணி நேரம்கூட நிக்காதே. முனை மழுங்கினா யார் தீட்டிக் கொடுத்தது? எத்தனை பேர் வேலை அது?" வழிகாட்டிக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடற்கரைக் கோயிலை அப்புறம் பார்த்துக்கலாம், வாங்க" என்று ரோட்டோரச் சிற்பக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் உஷாரானேன், வந்துவிட்டதடா கடை என்று. ஆனால் அவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த வயதான சிற்பியிடம் அப்பாவை உட்காரவைத்துவிட்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம். இப்போது முனையில் கார்பைடு வைத்த உளி வந்துவிட்டது, தன் தாத்தா காலத்தில் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துத்தான் முனை ஏற்றுவார்கள் என்று சிற்பி சொன்னார். தோய்க்கும்போது முனையின் நிறம் மாறுவதைப் பார்த்து எடுக்கவேண்டும், ஒரு நொடி தப்பினால் முனை உடையும் அல்லது வளையும் என்றார். அப்பா உளியை வாங்கிக் கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார். டூல் ரூமில் அவர் அப்படித்தான் பார்ப்பாராம். அவருடைய வேலையை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் எங்களை எதையும் வாங்கச் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் பேசியது நாலேகால் மணி நேரம் ஆனது. 2,100 ரூபாய் கொடுத்தேன். ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 420. தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு 2018 முதல் ஆளுக்கு 40 ரூபாய்தான். பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். 'தனிச் சுற்றுலா' என்று ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்களே, அதற்குள் இரண்டு தனிச் சாமான் இருக்கிறது. ஒன்று தனி வண்டி, மற்றொன்று தனி வழிகாட்டி. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது சொகுசு. செலவில் பெரும்பங்கு அதுதான், பயனில் சிறுபங்கு. வழிகாட்டியோ குழுவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். ஆள் சேரச் சேரத் தலைக்குக் குறையும். ஆனால் ஐம்பது பேருக்கு ஒருவர் என்றால் அவர் மைக் பிடித்துப் பேசுவார், நாம் கேட்போம், எங்கள் அப்பா மாதிரி ஒருவர் பின்னால் நின்று கேள்வியை விழுங்கிவிடுவார். அதற்குப் போன் வீடியோவே போதும், அது இனாம். எட்டு, பத்துப் பேர் வரைதான் கேள்விக்கு இடம் இருக்கும்.

எல்லா இடத்துக்கும் வழிகாட்டி வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். வண்டலூர் உயிரியல் பூங்காவில் பலகை இருக்கிறது. கடலைக் காட்ட ஆள் வேண்டாம். ஆனால் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவ வம்சத்தின் கதையே வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேடிக் கூட்டிவந்து நந்திவர்மனாக முடிசூட்டிய கதை அதில் இருக்கிறது. சொல்ல ஆள் இல்லாமல் போனால் ராஜா, ராஜா, இன்னொரு ராஜா, அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் நாலு வருடம் படித்த இடத்துக்குப் பக்கத்தில் திருமுல்லைவாயில் இருக்கிறது. மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்கும். எருக்கந்தூண் இரண்டு இருக்கிறது. ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் போய்க் கும்பிட்ட கூட்டம்தானே நாம்! அங்கே வாசலில் பூக்கட்டும் அம்மாவே தொண்டைமான் கதையை முழுக்கச் சொல்வார். நான் கேட்டது போன வருடம்தான். ஒரு முழம் பூ வாங்கினேன், அதுதான் கட்டணம்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. போக வர ஒரே பஸ், புளியோதரைக் கட்சிக்கு வெற்றி. மாமல்லபுரத்தில் இறங்கியதும் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் ஐந்து பேர், ஆளுக்குப் பத்துப் பேர். தலா 2,000 என்றாலும் மொத்தம் 10,000, தலைக்கு 200. பஸ்ஸுக்கு 22,000 கேட்கிறார்கள், தலைக்கு 440. டிக்கெட் 40. ஆக 680 ரூபாய், 2,800 இல்லை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் அங்கே இரண்டு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். முன்கூட்டியே தமிழ் என்று சொல்லிவிடுங்கள், கடை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அட்டையைப் பாருங்கள். குழு பிரிக்கும்போது ஒரே பேட்ச் ஆட்களை ஒன்றாகப் போடவேண்டாம். பழைய கதை பேசிக்கொண்டு கோயிலைப் பார்க்கமாட்டார்கள், நான் உட்பட.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வரும்போது காரில், "ரெண்டாயிரத்து நூறு அதிகம்தான்" என்றார். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. போன வாரம் பேப்பர் படித்துக்கொண்டே, "காஞ்சிபுரத்துக்கு அந்தத் தம்பி வருவானா, கேட்டுப் பாரு" என்றார். போன் செய்தேன். காஞ்சிபுரம் தனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, அங்கே நன்றாகச் சொல்கிற ஒருவர் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் போகிறோம்.