மழை விடட்டும், பிறகு வா

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் மோட்டார்சைக்கிளோட்டிகளுக்குச் சாலையில் உறையும் பனிக்கட்டியை நினைத்துப் பயம். நமக்குப் பனி ஏது? ஆனால் டிசம்பர், ஜனவரியில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை போதும்.

ஒரு டிசம்பர் மாலை, சிராங்கூன் சாலையில் என் தம்பி விழுந்தான். வேகமில்லை. தூறல் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மழைநீரோடு கலந்து அதிகம் வழுக்கும் நேரம் அது. வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஈரமான கோடுகளிலும் இரும்பு மூடிகளிலும் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள். முன்னால் செல்லும் வாகனத்துக்கு இரு மடங்கு இடைவெளி விடுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதுவரை தேயவிடாமல் முன்பே மாற்றுங்கள். விரைவுச்சாலை மேம்பாலங்களின் கீழ் மழைக்கு ஒதுங்கும் இடங்கள் உண்டு, அங்கே நில்லுங்கள்.

அன்று தம்பி ஏன் ஒதுங்கவில்லை? தேக்காவில் அவன் வண்டியை எடுக்கும்போது, "சாப்பாடு ஆறுது, சீக்கிரம் வா" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தியவள் நான்தான்.

இப்போது எங்கள் வீட்டில் மழை வந்தால் ஒரே பேச்சு: "நின்னு வாப்பா." நீங்களும் சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.