ஒரு சொல்லும் ஒரு கணக்குச் சீட்டும்



கிறிஸ்தவர் நாள்தோறும் ஓதும் மன்றாட்டு ஒன்று உண்டு. இயேசுநாதர் தம் சீடருக்குக் கற்பித்ததாக மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலும், லூக்காவின் பதினோராம் அதிகாரத்திலும் அதனைக் காணலாம். அதன் நடுவே உணவை வேண்டும் அடி ஒன்று வருகிறது. அவ்வுணவைத் தமிழில் 'வேண்டிய ஆகாரம்' என்பர் சிலர். 'அனுதின உணவு' என்பர் வேறு சிலர். நின்று யோசிக்க அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கிரேக்க மூலத்தில் அந்த அடியைப் படிப்பவர், 'எபியூஸியோஸ்' என்னும் அடைமொழியில் இடறி விழுவர். கல்லூரி நாளில் நானும் விழுந்தேன். இன்னும் முற்றாக எழுந்தேனில்லை.

அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடாதா என்பீர்கள். அகராதி செய்வோர், ஒரு சொல் பல இடங்களில் வழங்குவதைக் கண்டே அதன் பொருளைத் துணிகின்றனர். இச்சொல்லுக்கோ இந்த மன்றாட்டையும் அதனை எடுத்தாளும் நூல்களையும் விட்டால் வேறு இடமே இல்லை. இது நம் காலத்தவர் குறையன்று. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கத்திலேயே பேசி எழுதிய ஓரிகன் என்னும் பேரறிஞர், கற்றோர் நூல்களிலும் மற்றோர் பேச்சிலும் இச்சொல் இல்லை என்றும், சுவிசேஷகரே இதனை ஆக்கிக்கொண்டனர் போலும் என்றும் எழுதினார்.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதே வழி. 'எபி' என்பது முன்னொட்டு. 'ஊஸியா' என்றால் உளதாந்தன்மை, உட்பொருள். இரண்டும் சேர்ந்தால், உயிர் நிலைப்பதற்கு வேண்டிய உணவு என்றோ, உலகப் பொருள்களுக்கு மேம்பட்ட உணவு என்றோ கொள்ளலாம். ஆயினும் இங்கே புணர்ச்சி இடிக்கிறது. வரகு என்பதும் அரிசி என்பதும் சேர்ந்து வரகரிசி ஆகும்போது ஈற்று உகரம் கெடுகிறதல்லவா? அதுபோல 'எபி' என்பதன் இகரமும் உயிர் வந்தால் கெடுவதே பெரும்பான்மை. அவ்வாறாயின் 'எபூஸியோஸ்' என்றல்லவா வரவேண்டும்? மற்றொரு வழியும் உண்டு. 'எபியூஸா' என்பது வருகின்ற நாள். அப்போஸ்தலர் நடபடிகளில் இச்சொல் பலமுறை வருகிறது. அதிலிருந்து பிறந்ததாயின், வரும் நாளுக்குரிய உணவு என்றாகும். இந்த வழியே எனக்கு ஏற்புடையது.

எரோனிமுஸ் இச்சொல்லை இலத்தீனில் பெயர்த்த விதம் வியப்பானது. மத்தேயுவில் 'பொருள் கடந்த' என்னும் கருத்துடைய சொல்லையும், லூக்காவில் 'அன்றாட' என்னும் சொல்லையும் வைத்தார். மூலத்தில் இரண்டிடத்தும் ஒரே சொல்! எபிரேயர் சுவிசேஷம் என்ற நூலில் 'நாளைய' என்னும் பொருள்பட 'மாகார்' என்றிருந்ததையும் அவரே குறித்துவைத்தார்.

இந்நிலையில் எகிப்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. பிளிண்டர்ஸ் பெட்ரி ஹவாராவில் அகழ்ந்தெடுத்த பாப்பிரஸ் ஏடுகளுள் ஒரு செலவுக் கணக்குச் சீட்டும் இருந்தது. 1889-இல் அதனைப் படித்து வெளியிட்ட சேஸ் என்னும் அறிஞர், அதில் 'எபியூஸி' என்ற எழுத்துகளைக் கண்டார். அன்றன்றைக்கு அளக்கும் படியைக் குறிக்கும் எளிய வீட்டுச் சொல் அது என்று பின்வந்தோர் பலர் மகிழ்ந்தனர். சீட்டு மட்டும் பின்னர் எங்கோ மறைந்துபோயிற்று.

இந்தக் கதையைத்தான் என் ஆசிரியர் எனக்குச் சொன்னார். நானும் பல ஆண்டுகள் என் மாணவருக்குச் சொன்னேன். தேவாலயத்தில் ஒலித்த சொல் அடுக்களைக் கணக்கிலும் கிடந்தது என்றால் கேட்போர் முகம் மலரும். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தச் சீட்டை மறுபடி யாரேனும் பார்த்தார்களா?" என்று கேட்டான். அச்சிட்ட நூலில் இருக்கிறது என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன்.

1998-இல் அச்சீட்டு யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் மீண்டும் அகப்பட்டது. நெய்மன், வோர்ப் என்னும் இருவர் அதனைப் புதிதாக ஆராய்ந்து, அடுத்த ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். அங்கிருந்த சொல் 'எபியூஸி' அன்று, 'எலையூ'. எண்ணெய் என்பது அதன் பொருள். வீட்டுச் செலவில் எண்ணெய் இருப்பதில் என்ன வியப்பு? நூறாண்டுகளுக்கு மேல் சான்றாக நின்றது, தேய்ந்த எழுத்துகளில் ஒருவர் கண் செய்த பிழை!

ஆகவே ஓரிகன் கூறியதே இன்றும் நிற்கிறது. பல மொழிபெயர்ப்புகள் 'அன்றாட' என்றே எழுதி, 'நாளைய' என்பதை அடிக்குறிப்பில் வைக்கின்றன. கேள்வி கேட்ட மாணவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ, அறியேன். என் பழைய பாடக் குறிப்பில் அந்தச் சீட்டைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டு, ஓரத்தில் 'எண்ணெய்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.