குறைமாதக் குழந்தைகளும் தடுப்பூசிக் காலமும்

(ஈசூன் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன், அரசுப் பணியாளன். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் தடுப்பூசி குறித்து மருத்துவர்கள் கூறுவதை, நம் வீட்டு மொழியில் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது எடை குறைந்த குழந்தை. அத்தகைய பிள்ளை வீட்டிற்கு வந்ததும், “பச்சை உடம்பு; சற்றுச் சதை பிடிக்கட்டும், பிறகு ஊசி போடலாம்” என்று பெரியவர்கள் கூறுவது இயல்பு. அஃது அன்பினால் எழும் சொல்லே. ஆயினும் அதனால் விளையக்கூடிய தீங்கு பெரிது.

தாயின் உடலிலுள்ள நோய் எதிர்ப்பாற்றல் குழந்தைக்குப் பெரும்பாலும் கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சென்று சேர்கிறது. முந்திப் பிறந்த குழந்தை அந்தத் தாய்ச் சீதனத்தை முழுமையாகப் பெறாமலே உலகிற்கு வந்துவிடுகிறது. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் தொல்லை. சின்னஞ்சிறு குழந்தைக்கோ மூச்சையே நிறுத்திவிடக் கூடியது.

குழப்பம் எங்கே எழுகிறது? குப்புறுதல், தவழ்தல் போன்ற வளர்ச்சியை அளக்கும்போது, பிரசவத்திற்குக் குறித்திருந்த நாளிலிருந்து மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். தடுப்பூசிக்கு அக்கணக்குப் பொருந்தாது. பிறந்த நாளே கணக்கு. ஜாதகத்தையும் நாம் குழந்தை பிறந்த நேரத்தைக் கொண்டுதானே கணிக்கிறோம்! 8 வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு, பிரசவத்திற்குக் குறித்த நாள் வரும்போதே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை அப்போதே உரியது. உடல் சிறியதென்று மருந்தின் அளவும் குறைக்கப்படுவதில்லை.

விலக்குகள் சில உண்டு. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, தாயிடம் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இல்லையெனில், பிறந்தவுடன் போடும் அந்நோய்க்கான ஊசியைச் சற்று ஒத்திவைப்பதுண்டு. தாயிடம் அக்கிருமி இருப்பின், எடை பாராது 12 மணி நேரத்திற்குள் போடப்படும். மிகவும் முந்திப் பிறந்த குழந்தைகளுக்கு, மூச்சைக் கண்காணித்தவாறு மருத்துவமனையிலேயே முதல் ஊசி போடுவதும் உண்டு. இவற்றை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

லிட்டில் இந்தியாவை அடுத்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. சிங்கப்பூரில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1985இல் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1987இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நவம்பர் 2020 முதல், தேசிய அட்டவணையிலுள்ள தடுப்பூசிகள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற குழந்தைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் முழு மானியத்துடன் போடப்படுகின்றன. நம் ஈசூனிலும் அவ்வசதி உண்டு. செலவு தடையில்லை, தயக்கமே தடை.

ஆகவே, பாட்டிமார்களே, தாத்தாமார்களே, “இன்னும் சற்றுப் பொறுங்கள்” என்பதற்கு மாறாக, “சுகாதாரக் கையேட்டில் அடுத்த ஊசிக்கு என்ன தேதி?” என்று கேளுங்கள். முந்தி வந்த குழந்தைக்குப் பாதுகாப்பு பிந்தி வரலாகாது.