கர்ப்பப்பை இறக்கமும் நுண்துளை அறுவையும்

"அடி இறங்கிவிட்டது" என்று நம் தாய்மார்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் நோயைப் பற்றி இன்று பேசுவோம். கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்கும் தசைகளும் நார்களும் தளர்ந்தால் அவை கீழே சரிகின்றன. பல பிரசவங்கள், கனமான சுமை, ஓயாத இருமல், மலச்சிக்கல், முதுமை ஆகியவை இதற்குக் காரணங்கள். பால் வாளி சுமந்து உழைத்த தாய்க்கு இது வந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போனால், அடித்தசைப் பயிற்சியும் பெஸ்ஸரி என்னும் வளையமும் பலருக்குப் போதும். சரிவு மிகுந்தால் அறுவை தேவைப்படலாம். அதில் ஒரு வகைதான் நுண்துளை அறுவை. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே கேமராவைச் செலுத்துவார்கள். மருத்துவர் திரையைப் பார்த்தபடியே, இறங்கிய உறுப்பைத் தூக்கி, வலைத்துணியால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு இணைத்துத் தைக்கிறார். 1910ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஜேக்கபேயஸ் மனித வயிற்றுக்குள் குழாய்வழி கண்ணால் பார்த்தார். இன்று கண்ணின் வேலையைக் கேமரா செய்கிறது.

அந்தப் படம் பல வகை. சாதாரணப் படம் தட்டையானது, ஆழம் தெரியாது. பால்மரம் சீவுவோருக்கு இது எளிதில் விளங்கும். கத்தி ஆழம் தவறினால் மரம் காயப்படுமல்லவா? முப்பரிமாணப் படத்தில், தனிக் கண்ணாடி அணிந்த மருத்துவருக்கு ஆழம் தெரிகிறது. பயிற்சி மேசைச் சோதனைகள் பலவற்றில் ஊசி வேலை இதனால் விரைவாகவும் பிழை குறைந்தும் நடந்தது. நான்கு-கே என்னும் படம் தட்டையானாலும் மிகத் துல்லியமானது. நுண்ணிய இரத்தக் குழாயும் தெளிவாகத் தெரியும். நான்காவது, ஒளிரும் சாயம். இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தைச் சிறுநீர்க் குழாயில் செலுத்தினால், தனி ஒளியில் அது பளிச்சென்று தெரியும். தவறுதலாக வெட்டுபடாமல் காக்கலாம்.

இவற்றுள் எது சிறந்தது? படம் உதவும்; ஆனால் கைத்தேர்ச்சிக்கு அது ஈடாகாது. எனவே மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? வலைத்துணி வைப்பீர்களா? அறுவை இல்லாமல் வேறு வழி உண்டா? இரண்டாவது கேள்வி முக்கியம். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பின் வழியே வைக்கும் வலைத்துணியின் விற்பனையை அமெரிக்க அரசு 2019இல் நிறுத்தியது. வயிற்றின் வழியே வைப்பது அந்தத் தடையில் சேரவில்லை.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். தேவையானால், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றும் கேட்கலாம். அறுவைக்குப் பின் ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீர் வாளியைக் கணவரும் பிள்ளைகளும் தூக்கட்டும்.