சோற்றுக் கடனும் சொல்லாத குற்றமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகளை நிறைவு செய்யும் ஓர் அமைப்பு தன் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு. அப்படிப் பார்ப்பதில் பெருமிதம் உண்டு. ஓர் இடரும் உண்டு. கடந்த காலம் நாம் கேட்க விரும்புவதை முதலில் சொல்லும். மற்றதைப் பிறகுதான் சொல்லும். தன் பெருமையைச் சொல்லத் தொடங்கி, தான் சொன்ன சொற்களிலேயே அகப்பட்டுக்கொண்ட ஒரு மனிதனின் கதையை இந்த அவையில் பேச எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

கசுவோ இஷிகுரோ 1954இல் ஜப்பானின் நாகசாகி நகரில் பிறந்தவர். 1960இல் பெற்றோருடன் இங்கிலாந்துக்குச் சென்று ஆங்கிலத்திலேயே எழுதி வளர்ந்தவர். 2017இல் நோபல் பரிசு பெற்றார். 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' என்னும் அவருடைய நாவல் 1989இல் வெளிவந்து அந்த ஆண்டின் புக்கர் பரிசையும் பெற்றது. 1993இல் திரைப்படமாகவும் வந்தது. பகற்பொழுதில் எஞ்சியிருப்பது என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

கதைத் தலைவர் ஸ்டீவன்ஸ் ஒரு பட்லர். வெள்ளையர் வீடுகளின் வழியே நம் ஊருக்கும் வந்துசேர்ந்த சொல் அது. பிரபு ஒருவரின் மாளிகையில் அத்தனை வேலையாட்களுக்கும் தலைவராக இருப்பவர் பட்லர். ஸ்டீவன்ஸின் எசமானர் டார்லிங்டன் பிரபு இறந்துவிட்டார். மாளிகை ஃபாரடே என்ற அமெரிக்கரின் கைக்கு மாறிவிட்டது. 1956 ஜூலையில் அவர் தம் காரைக் கொடுத்து, சில நாள் ஊர் சுற்றி வரும்படி ஸ்டீவன்ஸை அனுப்புகிறார். ஸ்டீவன்ஸ் மேற்கு நோக்கிப் புறப்படுகிறார். முன்பு அம்மாளிகையில் வேலைக்காரப் பெண்களுக்கு மேலாளராக இருந்த மிஸ் கென்டனைக் கண்டு, மீண்டும் பணிக்கு அழைப்பது அவர் எண்ணம். வழி நெடுகப் பழைய நினைவுகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். கதை இவ்வளவுதான்.

அவர் தந்தையும் பட்லர். தந்தை ஓயாமல் சொல்லும் கதை ஒன்று இந்தியாவில் நடப்பது. எசமானருடன் இந்தியாவுக்கு வந்த ஓர் ஆங்கிலேய பட்லர், ஒரு நாள் உணவறை மேசைக்கு அடியில் புலி கிடப்பதைக் காண்கிறார். பதறாமல் கதவைச் சாத்திவிட்டு, விருந்தினரோடு இருக்கும் எசமானரின் காதோரம் சென்று துப்பாக்கிக்கு அனுமதி கேட்கிறார். சிறிது நேரத்தில் வெடியோசை கேட்கிறது. பிறகு வந்து, வழக்கமான நேரத்தில் உணவு பரிமாறப்படும் என்றும், அதற்குள் நடந்ததன் சுவடு எதுவும் இராது என்றும் தெரிவிக்கிறார். ஸ்டீவன்ஸின் வாழ்க்கை இலட்சியம் இதுதான்: சுவடு இருக்கக் கூடாது.

1923இல் மாளிகையில் ஒரு பன்னாட்டு மாநாடு நடக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட கடும் நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும் என்பது பிரபுவின் நோக்கம். அதன் தொடக்கத்தில் இரக்கமே இருந்தது என்பதை நாவல் மறைக்கவில்லை. மாநாட்டின் இறுதி இரவில் மேல்மாடி அறையில் ஸ்டீவன்ஸின் தந்தை உயிர் விடுகிறார். கீழே மகன் விருந்தினருக்கு மது ஊற்றிக்கொண்டிருக்கிறார். அழுவது போலத் தோன்றுகிறாயே என்று பிரபு கேட்கும்போது, நாள் முழுதும் உழைத்த களைப்பு என்று விடை சொல்கிறார். அந்த இரவை நினைத்தால் வெற்றி பெற்ற உணர்வே தமக்கு உண்டாகிறது என்று நம்மிடம் சொல்கிறார். அவர் கண்ணீரை அவர் நமக்குச் சொல்வதில்லை; பிறர் அதைக் கண்டு கேட்ட கேள்வியைத்தான் சொல்கிறார்.

காலம் செல்கிறது. பிரபுவின் இரக்கம் திசை மாறி, நாஜிகளுக்கு உதவும் நட்பாகிறது. 1932இல் ரூத், சாரா என்னும் இரண்டு பணிப்பெண்களை, யூதர்கள் என்ற ஒரே காரணத்திற்காக விலக்கும்படி ஆணை பிறக்கிறது. மிஸ் கென்டன் கொதிக்கிறாள். அவர்களை அனுப்பினால் நானும் போவேன் என்கிறாள். ஸ்டீவன்ஸின் உள்ளமும் அதை ஒப்பவில்லை. ஆயினும் எசமானர் முடிவெடுத்த பின் நம் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்று வாதிடுகிறார். பெண்கள் போகிறார்கள். மிஸ் கென்டன் போகவில்லை. பிறகொரு நாள் அவளே சொல்கிறாள்: போவதற்கு இடமில்லை, அச்சத்தால் தங்கிவிட்டேன் என்று. அப்போதுதான் ஸ்டீவன்ஸ் தமக்கும் அது வருத்தம் தந்தது என்கிறார். அன்றே அதைச் சொல்லியிருந்தால் தனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவள் வருந்துகிறாள்.

இந்த இடத்தில் தமிழ் மாணவி என்ற முறையில் எனக்குக் கம்பனின் கும்பகருணன் நினைவுக்கு வருகிறான். பட்லரும் அரக்கர் கோமகனும் எங்கே என்று நீங்கள் வியக்கலாம். இருவருக்கும் உள்ள சிக்கல் ஒன்றே. தலைவன் தவறு செய்கிறான். அவன் சோறு உண்டவன் என்ன செய்வது? செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பெருமையோடு வழங்கும் அறம் அங்கே சோதனைக்கு உள்ளாகிறது. வீடணன் தவறு கண்டு பிரிந்தான். கும்பகருணன் பிரியவில்லை. ஆனால் அவன் வாய் மூடி இருந்தவன் அல்லன். சீதையை விட்டுவிடு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொன்னான். சொல் ஏற்கப்படாதபோது, தோல்வி தெரிந்தே களம் புகுந்தான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோதும், தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் வரமாட்டேன் என மறுத்தான். அவன் முடிவு சரியா என்று பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் அவன் கண்ணைத் திறந்துகொண்டு செய்த முடிவு அது. ஆகவே அவன் மரணத்தில் துயரம் உண்டு. குற்ற உணர்வின் அரிப்பு இல்லை.

ஸ்டீவன்ஸ் வேறு. தக்க தலைவரைத் தேர்ந்துகொண்ட பிறகு அவரை மதிப்பிடும் வேலையை விட்டுவிடுவதே உண்மையான விசுவாசம் என்பது அவர் சித்தாந்தம். கும்பகருணன் தன் உயிரைக் கொடுத்தான். ஸ்டீவன்ஸ் தம் தீர்ப்பையே கொடுத்துவிட்டார். ஓர் இரவு பிரபுவின் நண்பர் ஒருவர், நாட்டின் பொருளாதாரம், வெளியுறவு பற்றிக் கடினமான வினாக்களை அவரிடம் தொடுக்கிறார். உதவ இயலவில்லை ஐயா என்ற விடையே திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகையோரிடமா நாட்டின் முடிவுகளை ஒப்படைப்பது என்று பெரியவர்கள் நகைக்கிறார்கள். பணிவாகக் காத்த மௌனம், மக்களாட்சிக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. சொல்லாமல் இருப்பதும் ஒரு செயல்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

தீர்ப்பைக் கொடுத்துவிட்டால் குற்றம் நம்மைத் தொடாது என்று எண்ணத் தோன்றும். நாவல் அதை மறுக்கிறது. போருக்குப் பின் பிரபு பழிச்சொல்லுக்கு ஆளாகி, ஒரு செய்தித்தாள்மீது மானநட்ட வழக்குத் தொடுத்துத் தோற்று, உடைந்து மடிகிறார். அதன் பின் ஸ்டீவன்ஸ் இருமுறை, டார்லிங்டன் பிரபுவிடம் தாம் பணி செய்ததே இல்லை என மறுக்கிறார். நம்மிடமோ அவரைப் போன்ற உத்தமர் இல்லை என்று உருகுகிறார். உள்ளே வழிபாடு, வெளியே மறுப்பு. குற்ற உணர்வு என்ற சொல்லை அவர் எங்கும் ஆளவில்லை. இந்த முரண்தான் அதன் சுவடு.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆதலால் நாவலின் அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இயல்கள் நாள் கணக்கில் அமைந்துள்ளன. நான்காம் நாள் பிற்பகல், மிஸ் கென்டனைச் சந்திக்கக் காத்திருக்கிறார். அடுத்து வருவது ஆறாம் நாள் மாலை. ஐந்தாம் நாள் இல்லை. இப்போது திருமதி பென் ஆகிவிட்ட அவள், உம்மோடு வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு வாழ்வை எண்ணிப் பார்ப்பதுண்டு என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பேரக் குழந்தை பிறக்கப் போகிறது. கணவரிடமே திரும்பிப் போகிறாள். தம் நெஞ்சு உடைந்தது என்று முதன்முறையாக ஒரே தொடரில் ஒப்புக்கொள்ள, ஸ்டீவன்ஸுக்கு ஒரு நாள் முழுதும் மௌனம் தேவைப்படுகிறது. எழுதப்படாத அந்த நாளில்தான் நாவலின் கவிதை இருக்கிறது என்பேன்.

வேமவுத் கடற்கரையில், முன்பின் அறியாத ஒருவரிடம் அவர் மனம் திறக்கிறார். பிரபுவாவது தம் தவறுகளைத் தாமே செய்தார். நானோ நம்பி மட்டுமே இருந்தேன். என் தவறு என்று சொல்லவும் எனக்கு ஒன்றில்லை என்ற பொருள்படக் கலங்குகிறார். இதுவே நாவலின் உச்சம் எனக் கருதுகிறேன். நம் குற்றத்தை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கடந்த காலம் ஒரு நினைவாகிவிடும். சொல்ல முடியாதவர்களை அது விடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

நாமும் பலவற்றுக்குச் சோற்றுக் கடன் பட்டவர்கள்: ஆசிரியருக்கு, அமைப்புக்கு, மொழிக்கு, நம்மை ஆளாக்கிய பெரியவர்களுக்கு. அக்கடனை மறுக்கச் சொல்லி நான் இங்கு நிற்கவில்லை. நேரே நின்று உண்மையைச் சொல்வதும் அந்தக் கடனில் ஒரு பகுதி என்பதைக் கும்பகருணன் காட்டினான். அதைச் செலுத்தாதவரின் முதுமையை இஷிகுரோ காட்டினார். பாட்டெழுதுவோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நம் கருவி சொல் அல்லவா?

இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகள், பாராட்டோடு மறுப்பையும் முகம் பார்த்துச் சொல்லும் ஆண்டுகளாக அமையட்டும்.